உறுமலைக் கண்டிக்காதீர்கள்

வீட்டில் வளரும் இரண்டு நாய்கள் ரத்தம் வரும் அளவுக்குக் கடித்துக்கொண்டால், அன்று மாலைக்குள் உறவினர்களும் பக்கத்து வீட்டாரும் இரண்டு தீர்ப்புகளில் ஒன்றைச் சொல்லிவிடுவார்கள். ‘யார் பெரியவன்னு முடிவாகிற வரைக்கும் அடிச்சுக்கும், அப்புறம் தானா சரியாயிடும்’ என்பது ஒன்று. ‘அந்த ஜாதி நாயே அப்படித்தான்’ என்பது மற்றொன்று. முதல் தீர்ப்பு சண்டையை அதிகாரப் போட்டியாகப் பார்க்கிறது. இரண்டாவது, பிறவிக் குணமாக. இரண்டின்படியும் வீட்டு மனிதர்களுக்கு வேலை ஏதும் இல்லை. வேடிக்கை பார்க்கலாம், அல்லது ஒரு நாயை எங்காவது கொண்டுபோய் விட்டுவிடலாம். கால்நடை மருத்துவர்களும் விலங்கு நடத்தை ஆய்வாளர்களும் சேர்த்துவைத்திருக்கும் சான்றுகள் வேறு பக்கம் கை காட்டுகின்றன. ஒரே கூரையின்கீழ் நடக்கும் நாய்ச் சண்டைகளில் பெரும்பாலானவை அந்த வீட்டின் அன்றாட ஏற்பாட்டிலிருந்து முளைப்பவை: சோறு வைக்கும் இடம், கதவு திறக்கும் நேரம், யாரும் கவனிக்காத மூட்டு வலி, அதட்டி அடக்கப்பட்ட உறுமல். நாயின் குணத்தை மாற்றப் புறப்படுவதற்கு முன் இந்த ஏற்பாட்டை மாற்றிப் பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

‘யார் பெரியவன்’ என்ற கதைக்கு ஒரு வரலாறு உண்டு. சுவிட்சர்லாந்தின் பாசல் விலங்குக் காட்சிச் சாலையில் அடைக்கப்பட்டிருந்த ஓநாய்களைக் கவனித்து, ருடால்ஃப் ஷெங்கல் என்பவர் 1947-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஓநாய்கள் தலைமைக்காக ஓயாமல் மோதிக்கொள்கின்றன, வென்ற ஆணும் பெண்ணும் மற்றவற்றை அடக்கி ஆள்கின்றன என்ற சித்திரம் அங்கிருந்து பரவியது. அமெரிக்க ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1970-இல் எழுதிய புகழ்பெற்ற புத்தகமும் அதை ஏற்றுக்கொண்டது. பிறகு அவரே கனடாவின் எல்ஸ்மியர் தீவில் 1986 முதல் கோடைதோறும் காட்டு ஓநாய்களை அருகிலிருந்து கவனித்தார். அங்கே இருந்தது ஒரு குடும்பம்: தாய், தகப்பன், அவற்றின் பிள்ளைகள். வளர்ந்த பிள்ளைகள் தலைமைக்குச் சண்டையிடவில்லை. நேரம் வந்ததும் பிரிந்துபோய்த் தனிக் குடும்பம் அமைத்தன. 1999-இல் மெக் இதை ஆய்வுக் கட்டுரையாக எழுதினார். தம் பழைய புத்தகத்தை அச்சிலிருந்து நிறுத்தும்படி பதிப்பாளரையும் பல காலம் கேட்டுவந்தார். பாசல் ஓநாய்கள் ஏன் அப்படி மோதின? ஒன்றுக்கொன்று உறவில்லாத பெரிய விலங்குகளை ஒரு சிறிய அடைப்பில் போட்டிருந்தார்கள். தோற்றது விலகிப்போக வழி இல்லை. நம் வீட்டு நாய்களைப் பற்றி அந்த ஆய்வு ஏதாவது கற்பிக்கிறது என்றால் அது இந்தக் கடைசி விவரம்தான். ஆனால் நாய் வளர்ப்பு உலகம் அதை விட்டுவிட்டுத் ‘தலைவன்’ என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டது.

நாய்களிடம் வரிசையே கிடையாது என்று சொல்லிவிட்டால் அதுவும் அவசர முடிவு. இத்தாலியின் ரோம் நகரப் புறப்பகுதியில் சுதந்திரமாகத் திரியும் நாய்க் கூட்டத்தைக் கவனித்த ஆய்வாளர்கள், யார் யாருக்குப் பணிகிறது என்பதில் தெளிவான ஒரு வரிசை இருப்பதை 2010-இல் பதிவு செய்தார்கள். அதற்கு ஓராண்டு முன்பு, பிரிட்டனில் ஜான் பிராட்ஷா குழுவினர் ஒரு காப்பகத்தில் சேர்ந்து வாழ்ந்த 19 கருத்தடை செய்த ஆண் நாய்களைக் கவனித்தபோது, கூட்டம் முழுவதற்கும் பொருந்தும் வரிசை எதுவும் தட்டுப்படவில்லை. இரண்டிரண்டு நாய்களுக்கு இடையே பழகிப்போன உறவுகள்தான் இருந்தன. இரண்டு ஆய்வுகளும் தத்தம் இடத்தில் சரியாக இருக்கலாம். ரோமின் நாய்களிடம் வரிசை வெளிப்பட்ட விதத்தைக் கவனித்தால் நம் கேள்விக்கு விடை கிடைக்கும். இளையது வாலைத் தாழ்த்தி, மூத்ததன் வாயை நக்கி ஒதுங்கிக்கொள்கிறது. நிலைத்த வரிசை சண்டையைக் குறைப்பதற்காக இருக்கிறது. ஆகவே ஒரு வீட்டில் வாரத்துக்கொரு முறை தையல் போட வேண்டியிருக்கிறது என்றால், அங்கே ஏதோ ஒரு வரிசை உருவாகிக்கொண்டிருக்கிறது என்று ஆறுதல் கொள்ள இடமில்லை. ஒவ்வொரு சண்டையும் அடுத்த சண்டைக்குப் பயிற்சியாக அமைகிறது. ஒருமுறை கடிபட்ட நாய் அடுத்த முறை முந்திக்கொண்டு கடிக்கக் கற்றுக்கொள்கிறது. ‘தானாகச் சரியாகட்டும்’ என்று காத்திருப்பவர்கள் அந்தப் பயிற்சிக்குத்தான் நேரம் தருகிறார்கள்.

சரி, எதற்காகத்தான் அடித்துக்கொள்கின்றன? அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனைக்கு வந்த 38 இணை நாய்களைப் பற்றிய ஆய்வொன்று 2011-இல் வெளியானது. எல்லாமே ஒரே வீட்டில் வாழ்ந்துகொண்டு சண்டையிட்டவை. ஏறத்தாழ ஐந்தில் நான்கு இணைகள் ஒரே பாலைச் சேர்ந்தவை. ஆண் நாய்கள்தான் சண்டைக்காரர்கள் என்ற பொது நம்பிக்கைக்கு மாறாக, மூன்றில் இரண்டு பங்கு இணைகளில் பெட்டை நாய் இருந்தது. பெரும்பாலும் சண்டையைத் தொடங்கியது வயதில் இளையது, வீட்டுக்குப் பின்னால் வந்தது. தூண்டியவை என்னென்ன என்று பார்த்தால், வீட்டுக்காரரின் கவனம், சோறு, கிடைத்த பொருள், யாரோ வரும்போது எழும் பரபரப்பு. பட்டியலைப் படிக்கும்போதே ஒரு வீட்டின் கால அட்டவணை கண்முன் வந்துவிடும். காலையில் வாசற்கதவு திறக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் நிலைப்படியில் நெருக்கியடிக்கின்றன. மாலையில் வேலையிலிருந்து வந்தவர் ஒன்றைத் தடவ, மற்றது இடையில் புகுகிறது. சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு எலும்புத் துண்டு கீழே விழுகிறது. இந்த இடங்கள் எல்லாம் குறுகியவை, நேரமும் குறுகியது, பொருள் ஒன்றே ஒன்று. இவற்றைத் தீர்மானிப்பது நாய் இல்லை.

இளையது தொடங்குகிறது என்பதில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. குட்டியாக வந்தபோது மூத்த நாய் பொறுத்துக்கொள்கிறது, இரண்டும் கட்டிப்பிடித்துத் தூங்குகின்றன, வீட்டார் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்புகிறார்கள். ஒன்றரை வயதுக்கும் மூன்று வயதுக்கும் நடுவே குட்டி பெரிய நாயாகிறது. அதே காலத்தில் மூத்தது முதுமையில் காலடி வைக்கிறது. ‘இத்தனை நாள் நன்றாகத்தானே இருந்தன’ என்ற வியப்பு அப்போது எழுகிறது. ஒரே ஈற்றுக் குட்டிகள் இரண்டை, துணைக்குத் துணையாக இருக்கும் என்று சேர்த்து வாங்குகிறவர்களுக்கும் இது பொருந்தும். கூடப் பிறந்தவை என்பதால் அடித்துக்கொள்ளாது என்று நம்பிவிட முடியாது. அதிலும் இரண்டும் பெட்டையாக இருந்தால் முன்யோசனை கூடுதலாக வேண்டும்.

கடி என்பது நாயின் பேச்சில் கடைசி வாக்கியம். அதற்கு முன் அது நிறையச் சொல்லியிருக்கும்: தலையைத் திருப்பிக்கொள்வது, உதட்டை நக்குவது, தூக்கம் வராமலே கொட்டாவி விடுவது, அசையாமல் விறைத்து நிற்பது, கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, உதட்டைச் சுருட்டிப் பல்லைக் காட்டுவது, உறுமுவது. சிறு குறிகளை நாம் பார்ப்பதில்லை. உறுமல் மட்டும் காதில் விழுகிறது. விழுந்ததும் ‘ஏய்!’ என்று அதட்டுகிறோம், முதுகில் ஒன்று வைக்கிறோம். நாய் கற்றுக்கொள்ளும் பாடம் உறுமக் கூடாது என்பதே. மற்ற நாய் பக்கத்தில் வந்தால் உண்டாகும் அச்சமோ எரிச்சலோ அப்படியே இருக்கிறது. போதாததற்கு, மற்ற நாய் பக்கத்தில் வந்தால் நமக்கு அடி விழும் என்ற புதுக் கணக்கும் சேர்ந்துகொள்கிறது. பிறகு ஒருநாள் எச்சரிக்கையே இல்லாமல் பாய்கிறது. ‘திடீர்னு கடிச்சிடுச்சு’ என்று சொல்லப்படும் பல சம்பவங்களுக்குப் பின்னால் இப்படி வாயடைக்கப்பட்ட ஒரு நாய் இருக்கும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மெகன் ஹெரன் முதலானோர் 2009-இல் வெளியிட்ட ஆய்வு, நடத்தைச் சிக்கலுக்காக மருத்துவமனைக்கு நாயைக் கொண்டுவந்த 140 பேரிடம், முன்பு என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்று கேட்டது. அடித்தோம், உதைத்தோம் என்றவர்களில் 43 சதவீதத்தினரின் நாய்கள் பதிலுக்குச் சீறியிருந்தன. மல்லாத்திப் படுக்கவைத்து அழுத்திய வீடுகளில் இது 31 சதவீதம். தொலைக்காட்சிப் பயிற்சியாளர்களால் பிரபலமான அந்த மல்லாத்தும் முறைக்கு வேர் எதுவென்று தேடினால், பாசலின் அடைப்பிலிருந்து கிளம்பிய ‘தலைவன்’ கதையில்தான் போய் நிற்கும்.

உறுமலை விட்டுவிட்டால் நாய்க்குத் துணிச்சல் ஏறிவிடாதா என்று கேட்பார்கள். உறுமலுக்குப் பணிந்துபோக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. உறுமல் கேட்டதும் குரலை உயர்த்தாமல் ஒரு நாயை வேறு அறைக்கு அழைத்துவிட்டு, எது தூண்டியது, எந்த இடம், எந்த நேரம் என்று ஒரு தாளில் குறித்துவைக்க வேண்டும். சில வாரக் குறிப்புகளைச் சேர்த்துப் படித்தால், நாள் முழுவதும் பகைமை என்று தோன்றியது உண்மையில் இரண்டு மூன்று இடங்களில், ஒரு சில நிமிடங்களில் ஒடுங்கியிருப்பது பல வீடுகளில் தெரியவரும்.

அப்படி எந்த ஒழுங்கும் தென்படாவிட்டால், அல்லது வருடக்கணக்காகச் சாதுவாக இருந்தது சட்டென மாறினால், முதலில் போக வேண்டியது கால்நடை மருத்துவரிடம். பிரிட்டனின் லிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் மில்ஸ் குழுவினர், நடத்தைச் சிக்கல் என்று தங்களிடம் அனுப்பப்பட்ட விலங்குகளில் குறைந்தபட்சக் கணக்கில்கூட மூன்றில் ஒரு பங்குக்கு ஏதோ ஒரு வலி இருந்ததாக 2020-இல் எழுதினார்கள். சில தொகுப்புகளில் அது 80 சதவீதத்தை நெருங்கியது. இடுப்பு மூட்டுத் தேய்மானம், காதுப் புண், சொத்தைப் பல். ஓடிவந்து மேலே விழும் இளம் நாயால் உண்டாகும் வலியை மூத்தது ஒரு கடியால் தடுக்கப் பார்க்கிறது. வலி இருந்தால் நொண்டும், கத்தும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். நாய்கள் அதை மறைத்துக்கொள்வதில் கெட்டிக்காரர்கள். பார்வையும் செவியும் மங்கிய கிழநாய், பக்கத்தில் வந்த மற்ற நாயின் எச்சரிக்கையைப் பார்க்கவே இல்லை என்பதும் நடக்கும்.

நம் ஊர்ச் சூழலுக்கே உரிய தூண்டுதல் ஒன்று வாசல் இரும்புக் கதவு. வெளியே தெருநாய் போகிறது. உள்ளே இரண்டும் கம்பிமீது தாவிக் குரைக்கின்றன. எட்ட முடியாத எரிச்சலில் ஒன்று திரும்பிப் பக்கத்தில் இருப்பதன் கழுத்தைக் கவ்வுகிறது. இலக்கு மாறிய கடி இது. இரண்டுக்கும் இடையே பழைய பகை எதுவும் தேவையில்லை. ஆனால் கடிபட்டது அதன் பிறகு பகையை நினைவில் வைத்துக்கொள்ளலாம். தீபாவளி வெடிச் சத்தத்தின் நடுவிலும் இதே கதை நடக்கக்கூடும். தீர்வு எளிது: கதவின் கீழ்ப்பகுதியைத் தகரத்தாலோ பலகையாலோ மறைப்பது, வெடி போடும் இரவில் இரண்டையும் தனித்தனி அறையில் வைப்பது. நாயின் மனநிலையைப் பற்றிய நீண்ட விவாதங்களைவிட ஒரு தகரத் தட்டி அதிகம் சாதித்துவிடும்.

‘ஜாதி’ என்ற இரண்டாம் தீர்ப்புக்கு வருவோம். கோம்பையும் இராஜபாளையமும் வேட்டைக்கும் காவலுக்கும் பேர்போனவை. ராட்வைலர், பிட்புல் பெயர்கள் செய்தித்தாளில் அடிபடுகின்றன. இனத்துக்குப் பங்கே இல்லை என்பது பொய். ஆனால் அந்தப் பங்கு எவ்வளவு? 18,000-க்கும் மேற்பட்ட நாய்களின் உரிமையாளர்களிடம் தகவல் திரட்டி, 2,000-க்கு மேற்பட்டவற்றின் மரபணுவையும் ஆராய்ந்த ஒரு பெரிய ஆய்வு 2022-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. தனி நாய்களின் நடத்தை வேறுபாட்டில் ஏறக்குறைய 9 சதவீதத்தை மட்டுமே இனம் விளக்கியது. அச்சமூட்டும் நிலையில் ஒரு நாய் எவ்வளவு எளிதில் சீண்டப்படும் என்ற குணத்தில் இனப் பெயரால் அநேகமாக எதையும் ஊகிக்க முடியவில்லை. இனம் பெரிதாகத் தீர்மானிப்பது சேதத்தின் அளவை. 30 கிலோ நாயும் 5 கிலோ பொமரேனியனும் ஒரே கூடத்தில் இருந்தால், ஒரு முறை கவ்வி உதறினாலே சின்னதன் உயிர் போய்விடும். அத்தகைய இணையை ஆள் இல்லாத வீட்டில் சேர்த்து விட்டுச் செல்லக் கூடாது, அவை எவ்வளவு சிநேகிதமாக இருந்தாலும்.

கருத்தடை பற்றியும் மிகையான நம்பிக்கை உலவுகிறது. பருவத்துக்கு வந்த பெட்டைக்காக ஆண்கள் மோதிக்கொள்வது, பருவ காலத்திலும் ஈன்ற பிறகும் பெட்டைகள் சீறுவது ஆகியவை குறையலாம். மற்றபடி, அச்சத்தாலும் சோற்றுக்காகவும் நடக்கும் சண்டையைக் கத்தி தீர்க்காது. கருத்தடை செய்ய வேறு நல்ல காரணங்கள் இருக்கின்றன, அவற்றுக்காகச் செய்யலாம்.

சண்டை மூண்டுவிட்ட அந்த நிமிடத்தில் எந்த வாதமும் உதவாது; கை எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. பதற்றத்தில் எல்லோரும் கழுத்துப்பட்டையைப் பிடிக்கப் போகிறார்கள், கடிபடுவதும் அங்கேதான். கவ்வியிருக்கும்போது இழுத்தால் தசை கிழியும். பலத்த சத்தம், முகத்தில் ஒரு வாளித் தண்ணீர், மேலே எறியப்படும் கனத்த போர்வை, நடுவே செருகப்படும் பலகை அல்லது நாற்காலி ஆகியவற்றை முதலில் முயல வேண்டும். இரண்டு பெரியவர்கள் இருந்து, வேறு வழியும் இல்லையென்றால், ஒரே சமயத்தில் ஒவ்வொருவர் ஒவ்வொன்றின் பின்னங்கால்களைத் தூக்கிப் பின்னோக்கி இழுத்து, கதவுக்கு இந்தப் புறமும் அந்தப் புறமுமாகப் பிரித்துவிடலாம். இதிலும் திரும்பிக் கடிக்கும் ஆபத்து உண்டு. குழந்தைகளை முன்பே வெளியே அனுப்பிவிட வேண்டும். குச்சியால் அடித்தால் மற்ற நாய்தான் வலிக்கக் கடிக்கிறது என்று நினைத்து இன்னும் இறுக்கிக் கவ்வும். பிரிந்த பிறகு நாய்களின் உடலை ரோமத்தை விலக்கிப் பார்க்க வேண்டும். மேலே தெரியும் பல் துளை சிறிதாக இருக்கும். உள்ளே தோலும் தசையும் பிரிந்து சீழ் பிடிக்க இடம் தந்திருக்கும். அதனால் சிறிய துளைக்கும் மருத்துவர் தேவை. மனிதர் மேல் பல்லோ நகமோ பட்டுத் தோல் கிழிந்திருந்தால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நம் வீட்டு நாய், ஊசி போட்ட நாய் என்ற காரணங்களை மருத்துவர் கேட்டுக்கொள்ளட்டும்; ரேபிஸ் விஷயத்தில் முடிவை நாமே எடுக்கும் உரிமை நமக்கு இல்லை.

மறுநாளே இரண்டையும் முகத்தோடு முகம் வைத்துச் ‘சமாதானம்’ செய்துவைப்பது வழக்கம். அதைச் செய்யாமலிருப்பதே முதல் சிகிச்சை. சில நாட்களுக்கு ஒன்றையொன்று பார்க்காத ஏற்பாடு வேண்டும். சிறிய அடுக்ககத்தில் இது எப்படி முடியும் என்பது நியாயமான கேள்வி. தனித்தனி அறைகள் இல்லாவிட்டாலும் நேரத்தைப் பிரிக்கலாம்: ஒன்று கூடத்தில் இருக்கும்போது மற்றது படுக்கையறையில், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றி. குழந்தைகளுக்காக மாடிப்படியில் வைக்கும் தடுப்புக் கதவு ஒன்றே வேலையை முடித்துவிடும். இதற்குப் பதில் பலர் ஒன்றை நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டிப்போடுகிறார்கள். கட்டப்பட்ட நாய் விலகிப்போக முடியாது. அருகில் வருவதையெல்லாம் விரட்டியே தீர வேண்டிய நிலைக்கு வருகிறது. உடற்பயிற்சியே இல்லாமல் நாயை வழக்கமாகக் கட்டிவைப்பது 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி குற்றமும்கூட. சோறு தனித்தனி அறையில், கதவைச் சாத்தி. எலும்பு, பந்து போன்றவை இரண்டும் சேர்ந்திருக்கும்போது தரையில் கிடக்கவே கூடாது. மூச்சு விடவும் தண்ணீர் குடிக்கவும் இடம் தரும் கூடை வடிவ வாய்மூடியை, தின்பண்டம் கொடுத்து மெல்ல மெல்லப் பழக்கிவைப்பது நல்ல காப்பு. பிறகு வெளியே, யாருக்கும் சொந்தமில்லாத ஓர் இடத்தில், இரண்டு ஆட்கள் இரண்டு நாய்களையும் தூரம் விட்டு ஒரே திசையில் நடத்திச் செல்ல வேண்டும். விறைப்பு இல்லாத நாட்களில் மட்டும் அந்தத் தூரத்தைக் குறைக்க வேண்டும். வாரங்கள் ஆகும், சில இணைகளுக்கு மாதங்கள்.

டஃப்ட்ஸ் ஆய்வே இந்த வாதத்துக்கு எதிரான ஒரு சான்றை வைத்திருக்கிறது. அங்கே பரிந்துரைத்த சிகிச்சைகளில் ஒன்று, ஒரு நாய்க்கு எல்லாவற்றிலும் முன்னுரிமை தருவது: சோறு முதலில், தடவல் முதலில், கதவு முதலில். பல வீடுகளில் அது பலன் தந்தது. அப்படியென்றால் வரிசை முக்கியம்தானே? அதே ஆய்வில் அதைவிட நன்றாகப் பலன் தந்த இன்னொரு முறையும் இருந்தது: எது வேண்டுமானாலும், சோறோ தடவலோ, இரண்டு நாய்களும் முதலில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். இந்த முறையில் யாருக்கும் முன்னுரிமை இல்லை. இரண்டு முறைகளுக்கும் பொதுவாக இருப்பது ஒழுங்கு. அடுத்து யாருக்கு, எப்போது கிடைக்கும் என்பது தெரிந்துவிட்டால் பாய வேண்டிய அவசரம் குறைகிறது. என் வாசிப்பில் முன்னுரிமை முறையின் பலனும் பெரும்பாலும் அதனால்தான். வேறு விதமாகவும் இதைப் படிக்கலாம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் இரண்டில் எதைத் தேர்ந்தாலும் அதை நடத்திவைப்பவர் வீட்டு மனிதர்தான், அதுவும் தினமும், குடும்பத்தில் எல்லோரும் ஒரே மாதிரி. பாட்டி ஒரு பக்கம் ரகசியமாக பிஸ்கட் போட்டுக்கொண்டிருந்தால் எந்த முறையும் நிற்காது.

இத்தனைக்குப் பிறகும் சேராத இணைகள் உண்டு. காரணம் புரியாமல், எச்சரிக்கை இல்லாமல், ஆழமாகக் கடிக்கும் நாய். சண்டைகளுக்கு இடையிலான நாட்கள் குறைந்துகொண்டே வரும் இணை. நடுவே தவழும் குழந்தை. அந்நிலையில் ஒன்றுக்கு வேறு வீடு தேடுவதைத் துரோகம் என்று சொல்வது நாய்களை நினைத்துச் சொல்வதாகாது. தினமும் அஞ்சி அஞ்சி மூலையில் ஒடுங்கும் வாழ்வைவிட, ஒற்றை நாயாக வாழும் வேறொரு வீடு அதற்கு மேல். போகும் இடத்தில் கடித்த வரலாற்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும், தடுப்பூசிச் சீட்டையும் சண்டைக் குறிப்புகள் எழுதிய தாளையும் கூடவே கொடுத்துவிட வேண்டும். எந்த நாயை அனுப்புவது என்ற முடிவில் மட்டும் பழைய தீர்ப்பு திரும்ப நுழைந்துவிடுகிறது: சண்டையைத் ‘தொடங்கியது’ போகட்டும் என்கிறார்கள். புது இடத்தில் எளிதாகப் பழகக்கூடியது எது, மனிதரிடம் அஞ்சாதது எது, வயதும் உடல்நிலையும் எதற்குச் சாதகம் என்று பார்த்தால், பல சமயம் விடை மற்ற நாயாக இருக்கும்.